மோஷன் டெஸ்ட்டுக்கு சாம்பிள் எடுப்பது: முட்டி வலி, இந்தியன் டாய்லெட், வெட்கம்

3 ஜூன், காலை (கேள்வி)

அம்மாவுக்கு 68 வயது. சர்க்கரை உண்டு, இரண்டு முட்டியும் தேய்மானம். ஒரு மாதமாக வயிறு சரியில்லை, சில நாள் சளி மாதிரி போகிறது. டாக்டர் மோஷன் டெஸ்ட் மூன்று தடவை எழுதியிருக்கிறார். லேபில் மூன்று டப்பாவைக் கையில் கொடுத்து "காலைல கொண்டாங்க" என்றார்கள், வேறு ஒன்றும் சொல்லவில்லை. வீட்டில் இந்தியன் டாய்லெட். அம்மாவால் குனிந்து எடுக்க முடியாது, என்னையும் எடுக்க விடமாட்டேன் என்கிறார். எப்படியோ ஒன்று எடுத்துக் கொண்டுபோனால் தண்ணீர் கலந்திருக்கிறது என்று திருப்பிவிட்டார்கள். ஒரு தடவை பார்த்தால் போதாதா, எதற்கு மூன்று? லேபில் வேலை பார்ப்பவர்கள் யாராவது சொல்லுங்கள்.

3 ஜூன், இரவு

நான் லேப் டெக்னீஷியன். சின்ன ஊர், தனியார் லேப், மலம் பார்ப்பது அன்றாட வேலை. முதலில் ஒன்று: திருப்பி அனுப்பியதில் உங்கள் அம்மா மேல் எந்தத் தப்பும் இல்லை. டப்பா கொடுத்தவர் ஒரு நிமிடம் நின்று சொல்லியிருக்க வேண்டிய விஷயம் அது.

பீங்கானில் விழுந்ததை எடுக்கவே கூடாது. அங்கே தண்ணீர் இருக்கும், பினாயில் இருக்கும், ஏற்கெனவே கழுவிய ஆசிட் இருக்கும். விழுவதற்கு முன்னாலேயே ஏந்த வேண்டும். முட்டி வலி இருப்பதால் கமோடு சேர் வாங்கலாம், அல்லது சர்ஜிகல் கடையில் வாடகைக்குக் கேளுங்கள், பல ஊர்களில் தருகிறார்கள். நடுவில் ஓட்டை வைத்த நாற்காலி, அடியில் இழுத்து எடுக்கிற பிளாஸ்டிக் பாத்திரம். அந்தப் பாத்திரத்தை சோப்புப் போட்டுக் கழுவி, சோப்பு வாசனையே இல்லாமல் அலசி, ஈரம் போகத் துடைத்து வையுங்கள். டெட்டால் ஊற்றாதீர்கள்.

முதலில் ஒன்றுக்குப் போய்விட்டு வரச் சொல்லுங்கள். பிறகுதான் நாற்காலியில் உட்கார வேண்டும். முடிந்ததும் கழுவுவதற்கு முன்னால் அந்தப் பாத்திரத்தை இழுத்துத் தனியே வைத்துவிட வேண்டும். நம் ஊரில் நிறைய சாம்பிள் இந்த இடத்தில்தான் கெட்டுப்போகிறது, உட்கார்ந்த இடத்திலேயே கழுவி, அந்தத் தண்ணீர் எல்லாம் உள்ளே போய்விடும்.

டப்பா மூடியிலேயே சின்ன ஸ்பூன் ஒட்டியிருக்கும். சளி, ரத்தம் தெரிகிற இடம் இருந்தால் அங்கிருந்து முதலில், அப்புறம் வேறு இரண்டு மூன்று இடத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சம். ஒரு நெல்லிக்காய் அளவு போதும். தண்ணியாகப் போனால் மூன்று நான்கு ஸ்பூன். டப்பாவை நிரப்பாதீர்கள், வெயிலில் வாயு சேர்ந்து மூடி தெறிக்கும். பெயர், தேதி, போன நேரம் மூன்றையும் மூடியில் எழுதாமல் டப்பா உடம்பில் எழுதுங்கள், ஏனென்றால் லேபில் மூடியைக் கழற்றிவிடுவோம்.

4 ஜூன், காலை

நேற்று தூக்கக் கலக்கத்தில் மூன்று ஏன் என்பதை விட்டுவிட்டேன்.

அமீபா கூடு (ஓடு மூடிய நிலையில் வெளியே வரும் அமீபா), ஜியார்டியா என்ற குடல் ஒட்டுண்ணி, புழு முட்டை இவை எல்லாம் தினமும் ஒரே அளவில் வெளியே வருவதில்லை. ஒரு நாள் நிறைய, இரண்டு நாள் ஒன்றுமே இருக்காது. ஒரு சாம்பிளில் இல்லை என்றால் குடலிலேயே இல்லை என்று சொல்லமுடியாது. அதனால்தான் ஒரு நாள் விட்டு ஒரு நாள் என மூன்று, எல்லாம் பத்து நாளுக்குள். மூன்றையும் ஒரே நாளில் எடுத்து மூன்று டப்பாவில் போட்டுக் கொண்டுவருபவர்கள் உண்டு. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். "மூணு டப்பா" என்று மட்டும் சொன்னால் யாருக்கும் அப்படித்தான் புரியும்.

இன்னொன்று, "காலைல கொண்டாங்க" என்பதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இந்தப் பரிசோதனைக்கு வெறும் வயிறு வேண்டாம், காலை என்ற கட்டாயமும் இல்லை. எப்போது போகிறது, எவ்வளவு நேரத்தில் எங்கள் கைக்கு வருகிறது என்பதுதான் முக்கியம். அமீபா உயிரோடு நகர்வதைப் பார்த்தால் எங்களால் இன்னும் உறுதியாகச் சொல்ல முடியும். தண்ணியாகப் போனதை அரை மணிக்குள் பார்க்க வேண்டும், கூழாகப் போனதை ஒரு மணிக்குள். கெட்டியாக இருந்தால் அவசரம் இல்லை, அன்றைக்குள் வந்தால் சரி. உங்கள் அம்மாவுக்கு சளியோடு போகிறது என்பதால் லேபுக்கு போன் போட்டு "எந்த நேரம் போனாலும் உடனே கொண்டு வந்தால் பார்ப்பீர்களா" என்று கேளுங்கள். பார்ப்போம் என்று சொல்கிற லேபுக்குக் கொடுங்கள்.

ஃபிரிட்ஜில் வைக்கலாமா என்று கேட்டவருக்கு: நகரும் அமீபா தேடுகிற சாம்பிளை வைக்கக் கூடாது, குளிரில் நின்றுவிடும். வேறு பரிசோதனைகளில் சிலவற்றுக்கு வைக்கலாம், சிலவற்றுக்குக் கட்டாயம் வைக்க வேண்டும். எது என்று டப்பா வாங்கும்போதே கேட்டுவிடுங்கள்.

4 ஜூன், மதியம்

பாக்குமட்டைத் தட்டு வைத்து ஏந்தலாம் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். கெட்டியாகப் போகிறவர்களுக்கு அருமையான யோசனை, அகலமாகவும் உறுதியாகவும் இருக்கும், அப்புறம் தூக்கிப் போட்டுவிடலாம். பேதியாகப் போகிறவர்களுக்கு ஒத்துவராது, எங்களுக்கு வேண்டிய நீர்ப் பகுதியை மட்டை உறிஞ்சிவிடும். அவர்கள் தட்டு மேல் சுத்தமான பிளாஸ்டிக் கவரை விரித்துக் கொள்ளலாம். இந்தியன் டாய்லெட்டில் குழிக்கு மேலே, பின்பக்கமாகத் தள்ளி வையுங்கள், சிறுநீர் முன்னால் போய்விடும்.

வெஸ்டர்ன் என்றால் இருக்கையைத் தூக்கி, பீங்கான் விளிம்பில் பெரிய பிளாஸ்டிக் தாளை நடுவில் கொஞ்சம் தொய்வாக விரித்து, மேலே இருக்கையை இறக்கிவிட்டால் தாள் பிடித்துக்கொள்ளும். எடுத்தபின் மீதியை உள்ளே கொட்டிவிட்டு தாளைக் குப்பையில் போடுங்கள், ஃபிளஷ் பண்ணிவிடாதீர்கள்.

5 ஜூன்

விளக்கெண்ணெய் குடிக்க வைத்து சாம்பிள் எடுக்கலாமா என்ற கேள்விக்கு: வேண்டாம். ஸ்லைடு முழுக்க எண்ணெய்க் குமிழாக இருக்கும், அதற்கு நடுவில் அமீபா கூட்டைத் தேட முடியாது. மலச்சிக்கலால் வரவில்லை என்றால் இரண்டு நாள் காத்திருங்கள், டப்பாவுக்குக் கெட்டுப்போகிற தேதி இன்றைக்கில்லை.

இதைவிடப் பெரிய தொந்தரவு மெடிக்கல் கடை. வயிற்றால போகுது என்றதும் அமீபாவுக்குக் கொடுக்கிற மெட்ரோனிடசோல் மாத்திரை ஒரு பட்டை வாங்கி இரண்டு நாள் போட்டு, நிற்கவில்லை என்றதும் டாக்டரிடம் வந்து, அதற்கப்புறம் சாம்பிள் கொடுக்கிறார்கள். ஒன்றும் தெரியவில்லை என்று ரிப்போர்ட் போகும். பூச்சி போய்விட்டதா, ஒளிந்திருக்கிறதா என்று யாராலும் சொல்ல முடியாது. ஆன்டிபயாடிக் முடித்து இரண்டு வாரமாவது ஆகியிருந்தால் நல்லது. அவசரத்துக்குக் கொடுத்துத்தான் ஆக வேண்டும் என்றால் என்ன மாத்திரை, எப்போதிலிருந்து என்று படிவத்தில் எழுதிவிடுங்கள். பேரியம் குடித்து எக்ஸ்ரே எடுத்தவர்களும் ஒரு வாரம் பத்து நாள் தள்ளிப்போட வேண்டும். வயிற்றுப்புண் கிருமியான ஹெச்.பைலோரிக்கு மலத்தில் ஆன்டிஜன் (அந்தக் கிருமியின் புரதம்) பார்ப்பதாக இருந்தால் ஓமெப்ரசோல், பான்டோப்ரசோல் வகை மாத்திரையை இரண்டு வாரமும் ஆன்டிபயாடிக்கை நான்கு வாரமும் நிறுத்தியிருக்க வேண்டும். டாக்டரைக் கேட்காமல் நீங்களாக நிறுத்தாதீர்கள்.

7 ஜூன், இரவு

வெட்கம் பற்றி மூன்று பேர் எழுதிவிட்டீர்கள், அதனால் இதைக் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன்.

ரத்தம் கொடுக்க வருபவர் கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். மோஷன் கொண்டு வருபவர் கவுன்டரில் ஆள் குறையும்வரை வாசலில் நிற்பார். டப்பா ஒரு கவரில், அந்தக் கவர் செய்தித்தாளில், அது இன்னொரு கவரில், எல்லாம் சேர்ந்து மதியச் சாப்பாட்டுப் பையில். நேரம் கரைந்துகொண்டே இருக்கும். அரை மணிக்குள் பார்க்க வேண்டிய சாம்பிள் எங்கள் வாசலிலேயே முக்கால் மணி நின்றுவிடும். பரிசோதனை தவறிப்போவதில் வெட்கத்துக்கு இவ்வளவு நேரடியான பங்கு இருக்கிறது. இதை நாங்கள் மனநிலை சம்பந்தப்பட்ட விஷயம் என்று ஒதுக்கிவிட முடியாது.

முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில் ஹால் நடுவில் நின்று "மோஷன் யாருது, பேர் எழுதல" என்று கத்துவார்கள். ஒரு காலேஜ் பெண் எழுந்து வரவே இல்லை. சாம்பிளை விட்டுவிட்டுப் போய்விட்டாள். அந்தப் பெண்ணுக்கு என்ன நோய் இருந்தது, அப்புறம் எங்கே காட்டினாள் என்று இன்றைக்கும் நினைத்துக்கொள்வேன்.

இப்போது இருக்கிற இடத்தில் சிலது மாற்றினோம். செலவு ஒன்றும் பெரிதில்லை. டப்பாவோடு ஒரு பழுப்புக் காகிதக் கவர் கொடுக்கிறோம். பாத்ரூம் பக்கத்துச் சுவரில் ஒரு சின்ன ஜன்னல், அதற்குள் டிரே, அதில் வைத்துவிட்டு மணியை அடித்தால் போதும், யாரிடமும் பேச வேண்டாம். பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, டோக்கன் எண்தான். லேபிலேயே ஒரு டாய்லெட்டை சுத்தமாக வைத்து, உள்ளே கைப்பிடிக் கம்பி போட்டு, ஏந்துகிற பாத்திரமும் வைத்திருக்கிறோம். தண்ணியாகப் போகிறவர்கள் இங்கேயே வந்து உட்கார்ந்து கொடுத்துவிட்டுப் போகலாம். இது வந்தபிறகு திருப்பி அனுப்புவது நன்றாகக் குறைந்திருக்கிறது.

மலையடிவாரத்திலிருந்து வந்த ஒரு ஆத்தா, டப்பாவை வாங்கிக்கொண்டு "இதுல சாப்பாடு வாங்கற மாதிரி கரண்டி வேற வச்சிருக்கீகளே சாமி" என்று கேட்டார். பக்கத்தில் உட்கார்ந்து, எங்கே உட்காரப்போகிறார், வீட்டில் கக்கூஸ் இருக்கிறதா, காட்டுக்குப் போகிறாரா என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். காட்டுக்குத்தான். அப்படியென்றால் பீங்கான் பிரச்சினையே இல்லை, மண் ஒட்டாமல் பார்த்தால் போதும், ஒரு பெரிய தேக்கிலையை விரித்துக்கொள்கிறேன் என்று அவரே சொன்னார். மறுநாள் கொண்டுவந்த சாம்பிள் அவ்வளவு சுத்தம். ஆத்தாவிடம் கேட்காமல் "மண் கலக்காம கொண்டாங்க" என்று மட்டும் சொல்லியிருந்தால் அந்த இலை யோசனை எனக்கு வந்திருக்காது. மண்ணிலேயே வாழ்கிற புழுக்கள் உண்டு, அவை கலந்துவிட்டால் குடலிலிருந்து வந்ததா தரையிலிருந்து வந்ததா என்று குழப்பம் வரும், அதற்காகத்தான் இவ்வளவு சொல்கிறோம்.

8 ஜூன்

நேற்று எழுதியதில் ஒரு சேர்க்கை. வீட்டில் எடுத்துக்கொடுப்பவர் யார் என்பதை நோயாளியே தேர்ந்தெடுக்கட்டும். மகனிடம் கூச்சப்படுகிற அம்மா மருமகளிடமோ தங்கையிடமோ ஒத்துக்கொள்ளலாம், நேர்மாறாகவும் இருக்கலாம். கமோடு சேரை வைத்துவிட்டு வெளியே போய்விடுங்கள், கையுறையும் ஸ்பூனும் பக்கத்தில் ஒரு ஸ்டூல் மேல், உட்கார்ந்தபடியே கை எட்டுகிற உயரத்தில் இருக்கட்டும். பலர் அவர்களாகவே எடுத்துவிடுவார்கள்.

11 ஜூன்

தாத்தா காலத்தில் தீப்பெட்டியில் கொண்டுபோவார்கள் என்று எழுதியிருந்தார் ஒருவர். உண்மைதான், எங்கள் சீனியர் ஒருவரும் சொல்லியிருக்கிறார். அட்டை ஈரத்தை இழுத்துவிடும், ஆனால் வேறு என்ன இருந்தது அவர்களிடம்? அமெரிக்காவின் ராக்பெல்லர் அமைப்பு கொக்கிப்புழு ஒழிப்பில் இறங்கிய காலத்தில் சின்னத் தகர டப்பாக்களைக் கொடுத்து சாம்பிள் வாங்கினார்கள். 1916 வாக்கில் இலங்கையில் மாத்தளைப் பக்கத்துத் தோட்டங்களில் அந்த வேலை நடந்தது. அங்கே டப்பாவை வாங்கியவர்களில் பெரும்பாலோர் இங்கிருந்து போன தமிழ்க் கூலித் தொழிலாளர்கள். எதற்கு என்று அவர்களுக்கு யாராவது பொறுமையாகச் சொன்னார்களா என்பதுதான் எனக்கு முதலில் தோன்றுகிற கேள்வி.

ஒழுங்காகச் செய்ய முடியும் என்பதற்கு போலியோ கண்காணிப்பைச் சொல்வேன். 15 வயதுக்குள் ஒரு பிள்ளைக்குத் திடீரென்று கை கால் தளர்ந்தால், 14 நாளுக்குள் இரண்டு சாம்பிள், இரண்டுக்கும் நடுவில் குறைந்தது 24 மணி நேரம், பெரியவர் கட்டைவிரல் அளவு, எடுத்த நிமிடத்திலிருந்து ஐஸில். நம் பக்கத்தில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட் வரை குளிர் விடாமல் போக வேண்டும். மூலைமுடுக்குக் கிராமத்திலிருந்தெல்லாம் அப்படி வாங்கித்தான் 2014 மார்ச்சில் போலியோ இல்லாத நாடு என்ற சான்றிதழ் கிடைத்தது. அங்கே யாரும் டப்பாவை நீட்டிவிட்டு "காலைல கொண்டாங்க" என்று போகவில்லை. ஆள் வீட்டுக்கு வந்து, சொல்லிக்கொடுத்து, வாங்கிக்கொண்டு போனார்.

கொக்கிப்புழு முட்டைக்கு நேரம் இன்னும் கறார். புழு முட்டையை எண்ணுகிற காட்டோ-காட்ஸ் முறையில் 41.7 மில்லிகிராம் மலத்தை ஓட்டை உள்ள அச்சில் அளந்து, கிளிசரின் ஊறிய செலோபேன் போட்டு மூடிப் பார்ப்பார்கள், எண்ணியதை 24ஆல் பெருக்கினால் ஒரு கிராமுக்கு எத்தனை முட்டை என்று வரும். ஸ்லைடு போட்டு அரை மணியிலிருந்து ஒரு மணிக்குள் பார்க்காவிட்டால் கொக்கிப்புழு முட்டை கிளிசரினில் கரைந்து காணாமலே போய்விடும். உருண்டைப்புழு முட்டை அப்படியே இருக்கும். தாமதம் எங்கள் பக்கமும் நடக்கும் என்பதற்காக இதை எழுதுகிறேன்.

15 ஜூன்

அப்பாவுக்கு மலத்தில் மறைந்த ரத்தம் (கண்ணுக்குத் தெரியாத ரத்தம்) பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள், மூன்று நாள் கறி சாப்பிடக் கூடாதா என்று கேட்ட தம்பிக்கு.

எந்த முறை என்று லேபில் கேளுங்கள். அட்டையில் தடவிப் பார்க்கிற பழைய குவாயக் முறை என்றால் ஆமாம், ஆட்டுக்கறி, ஈரல், ரத்தப் பொரியல் எல்லாம் நிறுத்த வேண்டும், ஏனென்றால் அந்த முறை ரத்தம் யாருடையது என்று பார்ப்பதில்லை. பச்சை முள்ளங்கியும் வேண்டாம். வைட்டமின் சி மாத்திரை நிறையப் போட்டால் உண்மையான ரத்தத்தையே மறைத்துவிடும். புதிய ஃபிட் முறை மனித ரத்தத்தில் உள்ள குளோபின் என்ற புரதத்தை மட்டும் பிடிக்கும், அதனால் சாப்பாட்டுக் கட்டுப்பாடு இல்லை. அதற்கு ஒரு குப்பியும் குச்சியும் தருவார்கள், குச்சியில் வரிவரியாகப் பள்ளம் இருக்கும், மலத்தின் மேல் நாலைந்து இடத்தில் சுரண்டி, பள்ளம் நிறைந்ததும் குப்பிக்குள் செருகி மூடிவிட வேண்டும், அவ்வளவுதான். அள்ளிப் போட வேண்டியதில்லை, பள்ளத்துக்கு மேல் இருப்பதைக் குப்பியின் வாயே வழித்துவிடும்.

இங்கிலாந்தில் குடல் புற்றுநோயைத் தேடுகிற திட்டத்தில் முன்பு மூன்று தனித்தனி நாள் மலத்திலிருந்து அட்டையில் ஆறு இடத்தில் தடவி அனுப்ப வேண்டும். 2014இல் ஃபிட்டை வைத்து ஒரு முன்னோட்டம் நடத்தினார்கள். அட்டை வாங்கியவர்களில் 59 சதவீதம் பேர் திருப்பி அனுப்பினார்கள், குச்சி வாங்கியவர்களில் 66. அதே ஊர், அதே நோய், அதே பயம். எடுப்பது சுலபமானது ஒன்றுதான் வித்தியாசம். 2019 ஜூனில் முழுவதுமாக மாறிவிட்டார்கள். ஜப்பானில் 1992இலிருந்து 40 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு வருடா வருடம் இரண்டு நாள் சாம்பிள். அங்கே டாய்லெட்டில் விரிக்கிற, தண்ணீரில் கரைந்துபோகிற காகிதத்தையும் சேர்த்தே தருகிறார்கள். நம் நாட்டு அரசுத் திட்டத்தில் இப்போது தேடுவது வாய், மார்பகம், கருப்பைவாய் என்ற மூன்று புற்றுநோய்களைத்தான். குடல் புற்றுநோயும் சேர்ந்தால் நம் பீங்கானுக்கும் நம் தண்ணீருக்கும் ஏற்ற ஒரு தாளை யாராவது செய்தே ஆக வேண்டும்.

தம்பி, ஒன்று கவனம்: வெயிலில் ஹீமோகுளோபின் சிதையும், ரத்தம் இருந்தும் இல்லை என்று வரும். குப்பியை ஸ்கூட்டர் டிக்கியில் போட்டு ஊரெல்லாம் சுற்றாதீர்கள், நேரே கொண்டுவாருங்கள். மூலத்தில் ரத்தம் வருகிற நாளிலும் மாதவிலக்கு நாளிலும் எடுக்க வேண்டாம். இரும்புச் சத்து மாத்திரையால் கறுப்பாகப் போவது வேறு, அதைப் பார்த்துப் பயப்படாதீர்கள், ஆனால் மாத்திரை சாப்பிடாமலே தார் மாதிரி போனால் டெஸ்ட்டுக்குக் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

16 ஜூன்

கைக்குழந்தைக்கு: டயப்பர் நீரை உறிஞ்சிவிடும், பால் சர்க்கரை செரிக்கவில்லையா என்று பார்க்க எங்களுக்கு அந்த நீர்தான் வேண்டும். டயப்பரைப் புரட்டி, பிளாஸ்டிக் பக்கம் உள்ளே வருமாறு கட்டுங்கள். அல்லது உள்ளே மெல்லிய பிளாஸ்டிக் தாள் விரியுங்கள். பிள்ளையைத் தனியே விடாமல் பக்கத்திலேயே இருந்து, போனதும் எடுத்துவிடுங்கள். ஒரு டீஸ்பூன் போதும், உடனே கொண்டுவர வேண்டும்.

19 ஜூன்

பள்ளிப் பிள்ளைக்கு ராத்திரியில் ஆசனவாய் அரிப்பு, மோஷன் டெஸ்ட்டில் ஒன்றும் இல்லை என்று எழுதியவருக்கு: கீரிப்பூச்சியாக இருக்கும், அது மலத்தில் பெரும்பாலும் அகப்படாது. பெண்பூச்சி ராத்திரி வெளியே வந்து ஆசனவாயைச் சுற்றித் தோலில் முட்டையிட்டுவிட்டுப் போகும். டப்பாவே வேண்டாம், செலோ டேப் போதும். காலையில் பிள்ளை எழுந்ததும், கழுவுவதற்கும் வெளிக்குப் போவதற்கும் முன்னால், டேப்பின் பசைப் பக்கத்தை அந்தத் தோலில் இரண்டு மூன்று இடத்தில் ஒற்றி எடுத்து, லேபில் வாங்கிய கண்ணாடி ஸ்லைடில் ஒட்டிக் கொண்டுவாருங்கள். பளிச்சென்று ஊடுருவித் தெரிகிற டேப்தான் வேண்டும், மங்கலான வகையில் ஒன்றும் தெரியாது. மூன்று நாள் காலை தொடர்ந்து எடுத்தால் நல்லது. பிள்ளை தூங்கும்போதே எடுத்துவிடலாம், அழ வேண்டியதில்லை. ஒற்றியதும் கையை சோப்புப் போட்டுக் கழுவுங்கள், முட்டை நகத்தில் ஒட்டும். இருக்கிறது என்று வந்தால் டாக்டர் மாத்திரையை வீட்டில் எல்லாருக்குமே எழுதுவார், இரண்டு வாரம் கழித்து இன்னொரு தடவையும் போடச் சொல்வார், அந்த இரண்டாவது தடவையை விட்டுவிடாதீர்கள்.